மிதிவண்டிப் பயிற்சி: எதற்குச் செலவிடலாம், எதற்கு வேண்டாம்?

பத்தாண்டுகளுக்கு முன் எங்கள் இதயநோய்ப் புறநோயாளர் பிரிவில் "என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" என்று கேட்டால், நடைப்பயிற்சி என்பதே பெரும்பாலோரின் விடையாக இருந்தது. இன்று நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பலர் மிதிவண்டி என்கிறார்கள். கோவையில் விடியற்காலையில் மருதமலைச் சாலையிலும் ஆனைகட்டிச் சாலையிலும் செல்பவர்கள் இவர்களைக் கண்டிருப்பார்கள். தலைக்கவசம், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, உடலோடு ஒட்டிய வண்ணச் சட்டை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூட்டுகளுக்கு அதிகச் சுமையின்றி அந்த நிமிடங்களைச் சேர்க்க மிதிவண்டியைப் போல உதவுவது குறைவு. இந்த மாற்றத்தில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

ஆனால் இதனுடன் புதிய வகைக் கேள்வியொன்றும் எங்கள் அறைக்குள் வந்துவிட்டது. அது நோயைப் பற்றியதன்று, செலவைப் பற்றியது. அதைக் கேட்பவரும் பெரும்பாலும் நோயாளி அல்லர், அவருடன் வந்திருப்பவர்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறோம். வயது 48. இதய ரத்தக்குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் பொருத்தி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. வழக்கமான மறுபரிசோதனைக்கு வந்தவரின் மனைவி, கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கார்பன் சட்டகம் கொண்ட மிதிவண்டி, கைக்கடிகாரம், மார்பில் கட்டும் நாடா, வீட்டுக்குள் ஓட்டுவதற்கான டிரெய்னர், இணையவழிப் பயிற்சியாளருக்கு மாதக் கட்டணம், புரதப் பொடி என எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கூட்டுத்தொகை மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. அடுத்ததாகப் பவர் மீட்டர் ஒன்றும் வாங்கப் போகிறாராம். "உடம்புக்கு நல்லதுன்னு நீங்க சொன்னதா சொல்லித்தான் வாங்கறாருங்க டாக்டர். அப்படிச் சொல்லும்போது நான் எப்படிங்க வேண்டாம்னு சொல்றது? இதெல்லாம் வேணுமா, நீங்களே சொல்லிடுங்க" என்றார். கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடை சொல்லுமுன் நாங்கள் ஒன்று கேட்டோம்: மலைச்சாலையில் ஏறும்போது எப்படி இருக்கிறது? தயங்கித் தயங்கி அவர் சொன்னதன் சாரம் இதுதான். இலக்குத் துடிப்பை எட்டவே முடியவில்லை என்று கைக்கடிகாரம் காட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் அழுத்தி மிதியுங்கள்" என்று பயிற்சியாளர் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வாரங்களாக ஏற்றத்தில் மார்பு இறுகுவது போல் இருந்தது. அது மார்பில் கட்டியிருக்கும் நாடாவினால் என்று இவர் எண்ணியிருந்தார். சோதித்தபோது அந்த இறுக்கம் இதயத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. அவருக்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது, இன்று நலமாக இருக்கிறார். அன்று மனைவி அந்தத் தாளை எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் நாங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதித் தந்திருப்போம். அவரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையேறியிருப்பார்.

அந்தக் கைக்கடிகாரம் பழுதானதன்று. அது கணக்குப் போட்ட அடிப்படைதான் அவருக்குப் பொருந்தாதது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவருடைய உச்ச இதயத்துடிப்பு கிடைக்கும் என்னும் சூத்திரம் 1970-களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 48 வயதுக்கு 172. இது சராசரி மட்டுமே. அதே வயதுடைய நலமானவர்களை வரிசையில் நிறுத்தினால் ஒருவருக்கு 150, இன்னொருவருக்கு 190 என்று இருக்கக்கூடும். அதற்கும் மேலாக, இவர் மெட்டோபிரோலால் என்னும் மருந்தை உட்கொண்டிருந்தார். பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த இம்மருந்தின் வேலையே இதயத்துடிப்பை உயரவிடாமல் பிடித்து வைப்பதுதான். பலருக்கு உழைப்பின் உச்சத்தில் 20, 30 துடிப்புகள் குறைந்துவிடும். கைக்கடிகாரம் 172-ஐ வைத்து 120 முதல் 146 வரை என்று இலக்கு வகுத்திருந்தது. நாம் விழுங்கும் மாத்திரையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மருந்து கீழே இழுக்க, இலக்கு மேலே இழுக்க, நடுவில் இதயம் அகப்பட்டுக்கொண்டது.

ஆகவே அட்டினோலால், மெட்டோபிரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் மருந்துச்சீட்டில் இருந்தால், கைக்கடிகாரமோ செயலியோ தானாக வகுத்துத் தரும் துடிப்பு மண்டலங்களைப் பின்பற்ற வேண்டாம். கடிகாரம் எந்த விலையாக இருந்தாலும் இது பொருந்தும். வழக்கமான மருந்துகளை எடுத்துக்கொண்ட நிலையிலேயே டிரெட்மில்லிலோ நிலைச் சைக்கிளிலோ ஒரு பரிசோதனை செய்து, எந்த அளவு வரை இதயம் தொல்லையின்றித் தாங்குகிறது என்று பார்த்து, அதிலிருந்து உங்களுக்குரிய எல்லையை நாங்கள் குறித்துத் தர முடியும். உபகரணங்களுக்குச் செலவிடும் எவரும் முதற்செலவாகச் செய்ய வேண்டியது இதுவே என்பது எங்கள் கருத்து. மருந்தின் அளவு மாறினால் அந்த எல்லையும் மாறும், மறுபடியும் கேளுங்கள்.

மாரடைப்போ ஸ்டென்ட்டோ இல்லாதவர்களும் நாற்பதைத் தாண்டிய பிறகு கடும் பயிற்சியில் இறங்குமுன், குறிப்பாக நீரிழிவு, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தால், ஒருமுறை வந்து பார்த்துவிடுவது நல்லது.

செலவே இல்லாத அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்தது அது. 6 முதல் 20 வரையிலான எண்களில், "இப்போது எனக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது?" என்று தமக்குத்தாமே மதிப்பெண் போட்டுக்கொள்வதே முறை. 6 என்றால் சும்மா அமர்ந்திருப்பது, 20 என்றால் இனி ஒரு மிதிகூட முடியாது. பத்தால் பெருக்கினால் நலமான இளைஞர் ஒருவரின் துடிப்பெண் தோராயமாக வர வேண்டும் என்பதற்காகவே போர்க் இந்த விசித்திரமான எண்களைத் தேர்ந்தெடுத்தார். மருந்து எடுப்பவர்கள் அந்தப் பெருக்கலை மறந்துவிடலாம், எண் மட்டும் போதும். எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 11 முதல் 14 வரை ஏற்றது. இதைவிட எளிய வழி, பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பது. பேச்சு துண்டு துண்டாக அறுந்தால் வேகத்தைக் குறைக்கவும். தனியாக ஓட்டுபவர்கள் ஒரு பாட்டை முணுமுணுத்துப் பார்க்கலாம்; மருதமலை ஏற்றத்தில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்குக் காரணம் விளங்கும்.

இனி அந்த அம்மையாரின் தாளில் கடைசியாக இருந்த பவர் மீட்டர். பட்டியலிலேயே வீணான பொருள் அதுதான் என்று அவர் எண்ணியிருந்தார். எங்கள் விடை அவருக்கு வியப்பாக இருந்தது. மிதிகட்டையோடு இணைந்த தண்டில் ஏற்படும் நுண்ணிய வளைவை உணர்ந்து, எத்தனை வாட் ஆற்றல் செலவாகிறது என்று சொல்லும் கருவி அது. ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபெரர் 1980-களில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். துடிப்பெண் மருந்தாலும் வெயிலாலும் காபியாலும் தூக்கமின்மையாலும் மாறும், வாட் மாறாது. பரிசோதனைக்கூடத்தின் நிலைச் சைக்கிளில் இன்னின்ன வாட் வரை பாதுகாப்பு என்று தெரிந்தால், அதே எண்ணைச் சாலையிலும் மேல்வரம்பாக வைத்துக்கொள்ளலாம். பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குக் கைக்கடிகாரத்தைவிட இது பொருத்தமான கருவி. ஆயினும் போர்க் அளவுகோலும் பேச்சுச் சோதனையும் இருக்கும்போது அது கட்டாயமன்று. ஓர் ஆண்டாவது விடாமல் ஓட்டியவர், வீட்டுச் செலவுக்கு இடைஞ்சலின்றி வாங்க முடிந்தால் வாங்கட்டும். முதல் ஆண்டிலேயே வாங்கியவர்களின் கருவிகள்தாம் பழைய பொருள்களாக விற்பனைக்கு வருகின்றன.

எடை குறைந்த வண்டியைப் பற்றி எங்களுக்குச் சிறிது வேறுபட்ட கருத்து உண்டு. உலகப் போட்டிகளில் மிதிவண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச மிதிவண்டி ஒன்றியத்தின் விதி. அந்த எண்ணை நெருங்க நெருங்க விலை செங்குத்தாக ஏறுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஓட்டுபவர் 74 கிலோ, வண்டி 9 கிலோ, மொத்தம் 83 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம். பயிற்சி பெற்ற சாதாரண ஓட்டுநருக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் ஒரு கிலோவைக் குறைத்தால் மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். மிச்சமாவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அந்த இரண்டு நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் ரூபாய் கேட்பார்கள். அதே ஒரு கிலோவை இடுப்பிலிருந்து குறைத்தாலும் கோத்தகிரிக்கு அதே இரண்டு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரலாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உடன் குறையும். சமதளத்திலோ எடைக்கு மதிப்பு இன்னும் குறைவு. அங்கே எதிர்ப்பது காற்று, அந்த எதிர்ப்பின் பெரும்பகுதியை உண்டாக்குவது வண்டியன்று, ஓட்டுபவரின் உடல்.

பணத்தைத் தயங்காமல் செலவிடச் சொல்லும் இடம் ஒன்று உண்டென்றால், அது வண்டியை உடலுக்குப் பொருத்துவது. இருக்கையின் உயரம், முன்பின் நிலை, கைப்பிடியின் தூரம் ஆகியவற்றை அளந்து சரிசெய்வதைப் பைக் ஃபிட்டிங் என்கிறார்கள். மிதிகட்டை அடியில் இருக்கும்போது முழங்கால் ஏறத்தாழ 25 முதல் 35 பாகை மடிந்திருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் பின்புறம் வலிக்கும். எலும்பியல் பிரிவுக்கு "மூட்டுத் தேய்மானம்" என்ற அச்சத்துடன் வருபவர்களில் சிலருக்கு இருக்கையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மாற்றுவதே மருத்துவம். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால், உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். கைப்பிடியின் உயரத்தை மாற்றுங்கள், பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். இடுப்புக்குக் கீழே, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவதை ஆண்கள் எங்களிடம் சொல்வதேயில்லை. கேட்டால்தான் தலையாட்டுகிறார்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமன்று அது. நரம்பும் ரத்தக்குழாயும் நெடுநேரம் நசுங்கக் கூடாது. இருக்கையின் சாய்வையும் அகலத்தையும் சரிசெய்தால் பெரும்பாலும் தீரும். பஞ்சு வைத்த கால்சட்டைக்கு உள்ளே வேறு உள்ளாடை அணியக் கூடாது என்பதைக் கடைக்காரர் சொல்ல மறந்துவிடுகிறார், எனவே நாங்கள் சொல்லிவிடுகிறோம்.

தலைக்கவசத்தில் விலையைப் பார்க்காமல் உள்ளே ஒட்டியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 1078 அல்லது அமெரிக்கத் தரமான சி.பி.எஸ்.சி. என்று இருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி அணிய வேண்டாம்.

பயிற்சியாளருக்குத் தரும் கட்டணத்தை வீண் என்று சொல்ல மாட்டோம். கருவியைவிட மனிதருக்குத் தரும் பணமே பயனுள்ளது என்பதே எங்கள் பொதுவான கருத்து. ஆனால் அவர் கேள்வி கேட்கும் மனிதராக இருக்க வேண்டும். முதல் மாதக் கட்டணத்தைச் செலுத்துமுன் கவனியுங்கள்: உங்களுக்கு என்னென்ன நோய்கள், என்னென்ன மாத்திரைகள், எப்போது என்ன சிகிச்சை நடந்தது என்று அவர் கேட்டாரா? மேலே சொன்ன நோயாளியின் பயிற்சியாளர் கேட்கவில்லை. ஐம்பது பேருக்கு ஒரே அட்டவணையை அனுப்புபவருக்கு மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் தருவதற்குப் பதில், அந்தப் பணத்தில் ஆண்டுக்கொருமுறை பரிசோதனை செய்துகொள்ளலாம்.

நல்ல பயிற்சியாளர் செய்யும் பெரிய உதவி அடக்கி வைப்பதுதான். உலகத்தரமான விளையாட்டு வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இலகுவானவை என்று கண்டார். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைக் குழுக்களில் நடப்பது நேர்மாறு. ஒருவர் முந்தினால் மற்றவர் விடுவதில்லை, காலைச் சிற்றுண்டிக்கு நிற்கும் உணவகம் வரை பந்தயம்தான். அந்த நாற்பத்தெட்டு வயதுக்காரர் இப்போது வேறொரு பயிற்சியாளரிடம் போகிறார். எங்கள் பரிசோதனை முடிவையும் மருந்துப் பட்டியலையும் ஒரு கடிதமாக அவருக்கு அனுப்பினோம். உங்களுக்கும் அவ்வாறு எழுதித் தருவோம், கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நெடுந்தூரப் பயணங்களில் ஆர்வமுள்ளோர் பெருகியிருக்கிறார்கள். பிரெவே எனப்படும் பயணங்களில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். இதயநோய் உள்ளவர் எவரும் 200-ஐ நினைக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களிடம் கேட்ட பிறகு, படிப்படியாக. இரவுத் தூக்கத்தை இழந்து ஓட்டும் 600-ஐ மட்டும் எங்கள் இதயநோயாளிகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பொடிகளையும் புட்டிகளையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பொடிகளில் காஃபீன் மிகுதி. ரத்த அழுத்தமோ துடிப்புச் சீர்கேடோ உள்ளவர்கள் தொடக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்கு வாழைப்பழம், கடலைமிட்டாய், தண்ணீர் போதும். உப்புப் போட்ட மோர் நல்லதுதான், ஆனால் இதயச் செயலிழப்புக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அன்று. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வழியில் சர்க்கரை திடீரென இறங்கலாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும், உடன் வருபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மருந்துகள் உடலின் நீரைக் கூடுதலாக வெளியேற்றுபவை. வெயில்காலத்தில் நெடும்பயணம் போகுமுன் இவற்றைப் பற்றிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் எடுப்பவருக்குத் தசைவலி வந்தால், அது மருந்தினாலா மலையினாலா என்பதை நாங்கள் பார்த்துச் சொல்வோம். கடுமையாக ஓட்டிய மறுநாளே சி.கே. ரத்தப் பரிசோதனைக்கு வந்தால் குழப்பமே மிஞ்சும், சில நாள் ஓய்வுக்குப் பிறகு வாருங்கள்.

வீட்டுக்குள் ஓட்டும் டிரெய்னரை ஆடம்பரம் என்று அந்த அம்மையார் எழுதியிருந்தார். சிலருக்கு அது உண்மையிலேயே தேவை. பைபாஸ் அறுவை நடந்தவருக்கு நெஞ்செலும்பு கூடிவர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை சாலையில் ஓட்டக் கூடாது, விழுந்தால் விபரீதம். நிமிர்ந்து அமர்ந்து, கைகளில் சுமை தராமல் மெல்ல மிதிக்கும் நிலைச் சைக்கிள், எங்கள் மறுவாழ்வுப் பயிற்சியின் பகுதியாகவே இருக்கிறது. வீட்டில் வாங்குவதாக இருந்தால் சாதாரண வகை போதும், திரையும் இணைய விளையாட்டும் வேண்டியதில்லை. இன்னொன்று: மிதிவண்டி உடல் எடையைத் தான் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை இல்லை. அதை மட்டுமே நம்பியிருப்பவர்கள் வாரத்துக்கு இருமுறையாவது உட்கார்ந்து எழுதல், படியேறல், எடை தூக்கல் போன்றவற்றையும் செய்ய வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். உபகரணம் வாங்குவது தவறன்று. நோய் வந்து அஞ்சிக் கிடந்தவர் மறுபடி ஒன்றை ஆசையோடு வாங்குகிறார் என்றால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் புதிய சக்கரம் வாங்கிய மாதத்திலேயே ரத்தக் கொழுப்புப் பரிசோதனையை "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பவர்களையும் பார்க்கிறோம். ஸ்டென்ட் வைத்தவர் ஒருவேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது. மாத்திரை, பரிசோதனை, காப்பீட்டுத் தவணை ஆகியவற்றுக்கான பணத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எதை வாங்கினாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த முறை வரும்போது பயிற்சி அட்டவணையையும் மருந்துச்சீட்டோடு சேர்த்து எடுத்து வாருங்கள்.

வெளியே கிளம்பும் ஒவ்வொரு முறையும் பையில் இருக்க வேண்டியவை: நாவின் கீழ் வைக்கும் மாத்திரை எழுதித் தரப்பட்டிருந்தால் அது, மருந்துகளின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை, 108-ஐ அழைக்கும் அளவுக்குச் சார்ஜ் உள்ள கைப்பேசி. மார்பிலோ தாடையிலோ இடது கையிலோ இறுக்கம் வந்தால் இறங்கிவிடுங்கள். ஏற்றத்தின் உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும் சரி. சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். அடங்கிவிட்டாலும் ஓட்டாமல் அன்றே எங்களிடம் வந்துவிடுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயமே இல்லாவிட்டாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வண்டியைச் சாலையோரக் கடையில் விட்டுவிடலாம், தலைக்கவசத்தை மட்டும் கையோடு கொண்டு வாருங்கள். அது எந்த இடத்தில் விரிந்திருக்கிறது என்று பார்த்தால் அடி எங்கே விழுந்தது என்பது எங்களுக்குத் தெரியும்.